"கோர்ஸ் முடியட்டும்" என்கிறார் சர்ஜன் கணவர்

கேள்வி: கணவர் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி இரண்டாம் வருடம் படிக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருடம். டியூட்டி முடிந்து வந்தால் தூக்கம்தான், பேச்சே இல்லை. கேட்டால், "கோர்ஸ் முடியட்டும், சரியாகிடும்" என்கிறார். அம்மாவோ, "டாக்டர் மாப்பிள்ளைன்னா அப்படித்தான்டி" என்கிறார். சர்ஜன்களுக்கு விவாகரத்து அதிகமாமே?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பாதி உண்மை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் 1964 வரை மருத்துவம் முடித்தவர்களைப் பற்றி 1997-ல் வந்த ஆய்வில், கல்யாணமாகி 30 வருடத்துக்குள் விவாகரத்தானது சர்ஜன்களில் 33 சதவீதம், பொது மருத்துவர்களில் 24. (மனநல மருத்துவர்கள் 51! அதை விடுங்கள்.) ஆனால் அது பழைய தலைமுறை, அமெரிக்கக் கணக்கு. அங்கேயே 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில் டாக்டர்களைவிட வக்கீல்களுக்குத்தான் விவாகரத்து கொஞ்சம் அதிகம். அதில் என்னை உறுத்தியது வேறு: வேலை நேரம் கூடக்கூட பெண் டாக்டர்களுக்கு விவாகரத்து கூடியது, ஆண் டாக்டர்களுக்குக் குறைந்தது. ஆண் ராத்திரி பகலாக உழைத்தால் வீட்டை யாரோ சமாளித்துக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் அந்த யாரோ நீங்கள்.

அதனால் "கோர்ஸ் முடியட்டும்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். எம்.எஸ். 3 வருடம், அப்புறம் எம்.சிஹெச். என்ற சிறப்பு சர்ஜரி மேற்படிப்பு என்றால் இன்னொரு 3 வருடம், நடுவில் அதற்கான நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது வேறு. அவர் மனதில் எது இருக்கிறது, எந்த ஊரில், குழந்தை எப்போது என்பதை இப்போதே கேளுங்கள், ஆனால் நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் வேண்டாம், தூங்கி எழுந்து சாப்பிடட்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைப்படி முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு வருடம் 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அவசர வேலை இல்லாவிட்டால் வாரம் ஒரு நாளும் உண்டு. யூனிட் சீஃபிடம் லீவு கேட்கப் பயப்படுவார்தான், இருந்தாலும் கிடைக்கிற லீவு நண்பன் கல்யாணத்துக்கும் உங்கள் மாமியார் வீட்டு விசேஷத்துக்குமே போகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பிரச்சினை டியூட்டி மட்டுமில்லை.

விவாகரத்து செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் அங்கே போகவில்லை. ஆனால் கத்துவது, கை நீட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் இருப்பது இதில் ஏதாவது இருந்தால் அதற்கும் தூக்கமின்மைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். எனக்குத் திரும்ப எழுதுங்கள், பதில் வேறாக இருக்கும்.