பிரேக் இல்லாத வண்டி, சொந்த நிலம் இல்லாத கிளப்

மான்செஸ்டர் ஸ்பீட்வே அரங்கத்தின் படம் சென்ற இதழில் வந்ததும் வாசகர்களிடமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஸ்பீட்வே என்பது மண் பாதையில் நான்கு பேர் பைக்கில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில்.

கே: லண்டன் கஸ்டம் ஹவுஸ் பகுதியில் ஹாஸ்கின்ஸ் குளோஸ், குரூம்ப்ஸ் ரோடு, வில்கின்சன் ரோடு, யங் ரோடு என்று தெருக்கள் இருக்கின்றன. எல்லாம் பைக் ஓட்டியவர்கள் பெயராமே, உண்மையா?
– ஈஸ்ட் ஹாம் வாசகி

ப: உண்மைதான். ஹாஸ்கின்ஸ் மட்டும் ஓட்டியவரல்ல, ஓட்டவைத்தவர். நியூசிலாந்தில் பிறந்த ஜானி ஹாஸ்கின்ஸ் 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் நடத்திய பந்தயத்தைத்தான் இந்த விளையாட்டின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். பிரிட்டனில் அது வேர்விட்டது 1928 பிப்ரவரி 19 அன்று, எப்பிங் காட்டையொட்டிய ஹை பீச்சில். ஹாஸ்கின்ஸ் பிற்பாடு வெஸ்ட் ஹாம் அணியை நடத்தினார். வில்கின்சன் 1938-இன் உலகச் சாம்பியன். யங் 1951, 1952 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றவர். நீங்கள் நடக்கும் அந்தத் தெருக்கள் இருக்கும் இடத்தில்தான் அவர்களுடைய அரங்கம் இருந்தது. 1972-இல் இடித்து வீடு கட்டினார்கள். வெம்பிளி, நியூ கிராஸ், ஹாரிங்கே, ஹாக்னி என்று ஒவ்வொன்றாகப் போய், 2005-இல் விம்பிள்டனும் நின்றது. இன்று லண்டனில் ஒரு ஸ்பீட்வே அணிகூட இல்லை.

கே: வண்டியில் பிரேக்கே கிடையாதாமே? பிறகு எப்படித் திரும்புகிறார்கள்?
– கோவை வாசகர்

ப: நான்கு பேர் ஒட்டி உரசி ஓடுகிறார்கள். முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அவர் முதுகில் ஏறிவிடுவார். அதனால்தான் பிரேக் இல்லை. 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், குறைந்தபட்ச எடை 77 கிலோ. முன்சக்கரம் 23 அங்குலம், பின்சக்கரம் 19.

வளைவு வரும்போது உடம்பை உள்பக்கம் சாய்த்துப் பின்சக்கரத்தை வழுக்க விடுவார்கள். முன்சக்கரம் வலது பக்கம் பார்க்கும், வண்டி இடது பக்கம் போகும். இரும்புத் தகடு பூட்டிய இடது கால் தரையில் தேய்த்துக்கொண்டே வரும். புதியவர்கள் இடறுவது இங்கேதான்: பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார்கள். உடனே பின்சக்கரத்துக்குப் பிடி கிடைத்து, வண்டி நிமிர்ந்து நேரே வேலியைப் பார்த்து ஓடும். வழுக்கலைக் காப்பாற்ற வேண்டுமானால் முறுக்கிய கை முறுக்கியபடியே இருக்க வேண்டும். விழுந்தால் மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும்.

கியர் மாற்ற முடியாது. அதனால் பாதையின் நீளத்துக்கும் அன்றைய மண்ணின் பிடிக்கும் ஏற்றபடி ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் மாட்டும் பல்சக்கரத்தை, மாற்றுவார்கள். ஒரு பல் கூடுவதும் குறைவதும்கூட ஸ்டார்ட்டில் தெரியும். பந்தயம் முடிந்ததும் மெத்தனாலை வடித்துவிட்டு கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், விட்டுவைத்தால் உலோகத்தை அரிக்கும். எஞ்சின் ஆயிலையும் அடிக்கடி மாற்றியாக வேண்டும். இந்தச் செலவெல்லாம் ரைடருடையது. அவர் சம்பளக்காரர் அல்ல. எடுக்கும் புள்ளிக்குத்தான் பணம்.

கே: கூட்டம் குறைந்ததால்தானே கிளப்புகள் மூடுகின்றன?
– பர்மிங்ஹாம் வாசகர்

ப: கூட்டம் குறைந்தது மெய். ஆனால் சாவுச் சான்றிதழில் எழுதும் காரணம் பெரும்பாலும் வேறு: நிலம்.

பிரிட்டிஷ் ஸ்பீட்வே கிளப்புகளில் பல வாடகைக்குக் குடியிருப்பவை. அரங்கம் இன்னொருவருடையது. அதிலும் பல இடங்களில் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்துக்குத்தான் முதலிடம். அந்தப் பந்தயத்துக்கு மைதானத்தில் கூட்டமே தேவையில்லை. படம் பணம் கட்டிச் சூதாடும் கடைகளுக்குப் போகிறது, வருமானம் அங்கிருந்து வருகிறது. வாரம் ஒரு நாள் மண்ணை வாரியிறைத்து, சத்தம் போட்டு, அக்கம்பக்கத்தாரின் புகாரையும் வாங்கித் தருகிற ஸ்பீட்வே அரங்க உரிமையாளருக்குத் தொந்தரவுதான். வுல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீன் அரங்கத்தில் 2023 சீசனோடு ஸ்பீட்வே நின்றது, உரிமையாளரான சூதாட்ட நிறுவனம் குத்தகையை நீட்டாததால். அதே ஆண்டு பீட்டர்பரோவும் போனது. அங்கே கண்காட்சித் திடலில் கட்டுமானத் திட்டம். இரண்டுமே மேல்நிலை லீக் அணிகள்.

கவென்ட்ரியின் கதையைக் கவனியுங்கள். பிராண்டன் அரங்கம் 1928 முதல் இருந்தது. கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போய் 2016-க்குப் பிறகு பூட்டப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்ட விண்ணப்பித்தார்கள். இங்கிலாந்தின் திட்ட விதிப்படி ஒரு விளையாட்டு இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அது தேவைக்கு மிஞ்சியது என்று நிரூபிக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக இன்னோர் இடம் தர வேண்டும், அல்லது அதைவிடப் பயனுள்ள வேறு விளையாட்டு வசதி அங்கே வர வேண்டும். ரசிகர்கள் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ரக்பி என்ற ஊரின் நகராட்சி 2022-இல் விண்ணப்பத்தை நிராகரித்தது. மேல்முறையீட்டிலும் கட்டுமானக்காரர்கள் தோற்றார்கள். ஆனால் வீடு கட்டக் கூடாது என்ற தீர்ப்பு, பந்தயம் நடத்தியே ஆக வேண்டும் என்ற உத்தரவு ஆகிவிடாது. அதற்குள் சூறையாடலிலும் தீயிலும் கட்டடம் பாழாகிவிட்டது. அதனால், அரங்கம் திறந்திருக்கும்போதே உள்ளூர்த் திட்ட ஆவணத்தில் அதை விளையாட்டு இடமாகப் பதியவைப்பதுதான் புத்திசாலித்தனம். பூட்டிய பிறகு தொடங்கும் போராட்டத்தில் வென்றாலும் பாதி தோல்வி.

கே: இந்த விளையாட்டு முன்பே ஒருமுறை செத்துப் பிழைத்தது என்று படித்தேன். எப்படிப் பிழைத்தது?
– யாழ்ப்பாணம் வாசகர்

ப: இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஸ்பீட்வேக்கு அப்படியொரு கூட்டம். பிறகு கடுமையான கேளிக்கை வரி, தொலைக்காட்சி இரண்டும் சேர்ந்து அமுக்கின. 1950-களின் நடுவில் லீக் ஒரு கைப்பிடி அணிகளாகச் சுருங்கியது.

பிழைக்கவைத்தது பெரிய நட்சத்திரங்கள் அல்ல. 1960-இல் மூடிக் கிடந்த மைதானங்களைத் திறந்து, கத்துக்குட்டிகளையும் ஓய்வுபெற்றவர்களையும் வைத்து, கைக்கு அடக்கமான செலவில் 'புரவின்ஷியல் லீக்' தொடங்கினார்கள். 1964-இல் கட்டுப்பாட்டு அமைப்போடு முறைத்துக்கொண்டு உரிமம் இல்லாமலேயே நடத்தினார்கள் என்றால் துணிச்சலைப் பாருங்கள். 1965-இல் இரு லீக்குகளும் ஒன்றாகி 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக் பிறந்தது. முதல் பட்டம் வெஸ்ட் ஹாமுக்கு. 1981-இல் வெம்பிளியில் நடந்த உலக இறுதிப் போட்டிக்கு 90,000-க்கும் மேல் கூட்டம். மேல் லீக்கைத் தூக்கி நிறுத்தக் காசைக் கொட்டுவதைவிட, கீழ் லீக்கை மலிவாக நடத்துவது மேல் என்று இன்றும் சிலர் வாதிடுவது இதை வைத்துத்தான். எமக்கும் அதே கட்சி.

கே: இங்கிலாந்து உலகப் பட்டம் எல்லாம் வெல்கிறதே, பிறகு உள்ளூர் லீக் ஏன் சோனியாக இருக்கிறது?
– சென்னை வாசகர்

ப: டாய் வொஃபிண்டன் 2013, 2015, 2018 என்று மூன்று முறை உலகச் சாம்பியன். நாடுகளுக்கிடையிலான போட்டியிலும் பிரிட்டன் 2021, 2024 இரண்டு முறையும் மான்செஸ்டரிலேயே வென்றது. ஆனால் பணம் போலந்தில் இருக்கிறது. அங்கே மேல் லீக்கான எக்ஸ்ட்ராலிகா வெள்ளி, ஞாயிறுகளில் ஓடும். ஸ்வீடன் லீக்குக்குச் செவ்வாய். பிரிட்டனின் மேல் லீக்குக்கு மிஞ்சியவை திங்களும் வியாழனும். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும்போது எந்த அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்?

இன்னொன்று, சராசரிக் கணக்கு. ஒரு ரைடர் 27 ஹீட்டுகளில் (நான்கு பேர் ஓடும் ஒரு தனி ஓட்டம்தான் ஹீட்) 48 புள்ளி எடுத்தார், தன் அணிக்காரருக்கு அடுத்த இடத்தில் முடித்ததற்கு 6 போனஸ் புள்ளி என்று வையுங்கள். மொத்தம் 54. அதை 4-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்தால் 8.00. அதுதான் அவர் சராசரி. ஏழு ரைடர்களின் சராசரிகளைக் கூட்டினால், அணிகளை நடத்தும் புரமோட்டர்கள் குளிர்காலத்தில் கூடி முடிவுசெய்யும் வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார அணி எல்லாரையும் வாரிக்கொள்ளாமல் இருக்க வைத்த விதி. ஆனால் நன்றாக ஓட்டிய அணியில் எல்லார் சராசரியும் ஏறிவிடும். அப்புறம் வென்ற அணியையே பிரித்தாக வேண்டும். காயம்பட்டவருக்குப் பதில் வேறு அணிக்காரரை ஒரு நாளைக்கு விருந்தாளியாக இறக்கலாம் என்ற விதியும் உண்டு. போன வாரம் எதிரணியில் வந்தவர் இந்த வாரம் நம் அணிச் சட்டையில். புதிதாக வருகிறவருக்கு யாருக்குக் கை தட்டுவது என்றே புரியாது. இதைத் திருத்தக் காசு செலவில்லை. ஆனாலும் திருத்த மாட்டார்கள்.

கே: மழை பெய்தால் ஏன் உடனே ரத்து? மண்தானே!
– மதுரை வாசகி

ப: சேறு அல்லவா ஆகிவிடும்! பிரிட்டிஷ் பாதைகளில் மேலே கிடப்பது ஷேல் என்னும் பொடித்த களிப்பாறை. காய்ந்தால் தூசு, நனைந்தால் சோப்பு. நல்ல பாதைக்கு ஈரம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். முதல் நாளே மண்ணைக் கிளறி, நீர் விட்டு, சமன்படுத்தி, உருளையால் அமுக்குவார்கள். கடைசி நேரத்தில் மேலாக மட்டும் தெளித்தால் மேல்தோல் வழுக்கும், அடியில் கல் போலக் கிடக்கும். சில ஹீட்டுகளுக்கு ஒருமுறை டிராக்டர் வந்து, வெளிப்பக்கம் ஒதுங்கிய மண்ணை உள்ளே இழுத்துவிட வேண்டும்.

அடித்தளமே சரியில்லை என்றால் மேல் மண்ணால் எதுவும் ஆகாது. மான்செஸ்டரின் புது அரங்கத்தில் 2016 மார்ச் 19 அன்று, தொடக்க நாளிலேயே, பாதை ஓடத் தகுதியில்லை என்று கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. போலந்தின் மேல் லீக்கில் பாதைமேல் விரிக்கும் பெரிய தார்ப்பாய் கட்டாயம். பிரிட்டனில் பல கிளப்புகளுக்கு அதற்கு வசதி இல்லை. ரத்தான ஒவ்வோர் இரவும் டிக்கெட் பணம் போச்சு, வாங்கிவைத்த உணவும் வீண்.

கே: அப்படியானால் எதிர்காலமே இல்லையா? ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்றால் எங்கே, எப்படி?
– லெஸ்டர் வாசகர்

ப: உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. பிளாக்பேர்ட் ரோடு அரங்கம் 1983-இல் போனது. 28 ஆண்டு கழித்து, 2011-இல், பியூமாண்ட் பார்க்கில் புது அரங்கத்தோடு லெஸ்டர் லயன்ஸ் திரும்பியது. ஆக்ஸ்போர்டு 2007-இல் மூடி 2022-இல் திறந்தது. ஆகவே திரும்பி வர முடியும், நிலம் கிடைத்தால். மான்செஸ்டர் அரங்கம் நகராட்சியுடையது. கார்டிஃபில் ஆண்டுதோறும் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ, அதாவது உலகப் பட்டப் போட்டியின் பிரிட்டன் சுற்று, 2025-இல் அங்கே மாறியது. பிரமாண்டம் குறைந்தது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. சொந்த வீட்டில் கல்யாணம் வைப்பது மண்டபத்தைவிட மோசமில்லை என்பது எம் கருத்து.

சீசன் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. கிளம்பும் முன் மழை அறிவிப்பைப் பாருங்கள். முதல் வளைவருகே நின்றால் பந்தயத்தின் பாதி முடிவு கண்முன்னே நடக்கும், ஆனால் மண் முகத்தில் அடிக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம், குழந்தைகளுக்குக் கண்ணாடியும் காதடைப்பானும் அவசியம். 15 ஹீட், ஒவ்வொன்றும் நான்கு சுற்று, சுமார் ஒரு நிமிடம். முதலிடத்துக்கு 3, அடுத்து 2, 1, கடைசிக்குப் பூஜ்யம். சிவப்பு, நீல ஹெல்மெட் உள்ளூர் அணி. வெள்ளை, மஞ்சள் வந்த அணி. வாசலில் நிகழ்ச்சி நிரல் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் புள்ளிகளை நீங்களே எழுதிக்கொண்டு வர வேண்டும். அங்கே எல்லாரும் அப்படித்தான். பேனா கொண்டுபோங்கள், பக்கத்தில் இருப்பவர் தன் பேனாவைத் தர மாட்டார்.