விட்சர் முதல் பாகம்: கிளிக் செய்தும் வாள் பாதியில் நின்றால்

விட்டுவிடாதீர்கள், விட்சர் கணினி விளையாட்டுத் தொடரின் முதல் பாகம் இன்னும் விளையாடத் தகுந்ததுதான். எவ்வளவு கிளிக் செய்தாலும் நாயகன் கெரால்ட் பாதி வீச்சில் நின்றுவிடுகிறான், பேசாமல் மூன்றாவதுக்குத் தாவிவிடவா என்கிறீர்கள். அவசரமாக அமுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

2007இல் வந்த அந்த விளையாட்டில் படபடவென்று தட்டினால் வேலைக்காகாது. ஒரு கிளிக், அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். வீச்சு முடிகிற நொடியில் மவுஸ் குறியில் இருக்கும் வாள் தீப்பற்றியது போல மாறும், அப்போதுதான் அடுத்த கிளிக். முந்தினால் தொடர் அறுந்துவிடும். நானும் டர்பனில் மாமா வீட்டுக் கணினியில் இதைப் போட்டுவிட்டு, மவுஸ்தான் கெட்டுப்போச்சு என்று புதிது வாங்கிய ஆள்தான்.

தீக்குறியே வரவில்லையா? தொடக்கத்தில் கடின நிலையைத் தேர்ந்தீர்களா என்று பாருங்கள், அதில் அந்தக் குறி காட்டாது. நடுத்தரத்தில் புதிதாகத் தொடங்குங்கள், ஆட்டம் தொடங்கும் கேர் மோர்ஹென் கோட்டையைத் தாண்டவில்லை என்றால் பெரிய நஷ்டமில்லை. நாலு பேர் சூழ்ந்தால் கூட்டத்துக்கான வாள்முறைக்கு மாறுங்கள்.

ஒன்று மட்டும். கோட்டைக்குப் பிறகு வரும் கிராமத்தில் அலைச்சல் அதிகம், எனக்கே கொட்டாவி வந்தது. விசிமா நகருக்குள் நுழைந்தும் பிடிக்கவில்லை என்றால் சரி, 2011இல் வந்த இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். அதையும் விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போனால், புதிய ஆட்டம் தொடங்கும்போது இரண்டாம் பாகச் சேமிப்பு இருப்பதாகப் பாவனை செய்யும் விருப்பத்தை இயக்குங்கள்; கெரால்ட்டுக்கு முகம் மழிக்கும் காட்சியில் பழைய முடிவுகளை உங்களிடமே கேட்டுக்கொள்வார்கள்.

மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில், ஆட்டத்தைச் சட்டென்று சேமிக்கும் எஃப்5 விசையை அழுத்தாமல் சண்டைக்குப் போகாதீர்கள்.