சாமி கும்பிடாத மாப்பிள்ளையை நம்பலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமூக உளவியல் வகுப்பு எடுத்த காலம் முழுக்க, எந்த வருடத்து மாணவர்களாக இருந்தாலும் ஒரு கேள்வி தப்பாமல் வந்துவிடும்: "சார், சாமி கும்பிடுகிறவன் நல்லவனா, கும்பிடாதவன் நல்லவனா?" ஓய்வுபெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். திட்டி எழுதியவர்களுக்கும் நன்றி. இரண்டு கட்சியிலிருந்தும் ஏறக்குறைய சமமாகவே திட்டு வந்திருந்தது.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் பையனுக்கு சாமி நம்பிக்கை கிடையாதாம். "கடவுளுக்கே பயப்படாதவன் வேறு எதற்குப் பயப்படுவான்?" என்கிறார் என் மாமியார். எனக்கும் குழப்பமாக இருக்கிறது. – ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, உங்கள் மாமியாருக்கு உலகம் பூராவும் துணை இருக்கிறது. ஒருவர் நல்லவராக இருக்கக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா என்று 34 நாடுகளில் கேட்டு, பியூ ஆய்வு மையம் 2020-ல் முடிவுகளை வெளியிட்டது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 100-க்கு 96 பேர் வேண்டும் என்றார்கள். ஸ்வீடனில் 9 பேர். நம் நாடு எந்தப் பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சந்தேகம் எவ்வளவு ஆழத்தில் ஊறிக் கிடக்கிறது என்பதை 2017-ல் வந்த ஒரு சோதனை காட்டியது. இந்தியா உட்பட 13 நாடுகளில், 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு கொடூரனின் கதையைச் சொன்னார்கள். சின்ன வயதில் பிராணிகளைச் சித்திரவதை செய்தவன், வளர்ந்தபின் தெருவில் படுத்திருந்தவர்களைக் கொன்றவன். "இவன் ஆசிரியராக இருக்க வாய்ப்பு அதிகமா, நாத்திக ஆசிரியராக இருக்க வாய்ப்பு அதிகமா?" என்று பாதிப் பேரிடம் கேட்டார்கள். மீதிப் பேரிடம் 'நாத்திக' என்ற இடத்தில் கடவுள் நம்பிக்கையுள்ள ஆசிரியர் என்று வைத்துக் கேட்டார்கள். கணக்குப்படி வெறும் 'ஆசிரியர்' என்பதுதான் எப்போதும் சரி. நாத்திக ஆசிரியர்களும் ஆசிரியர்களுக்குள் அடக்கம்தானே! ஆனாலும் 'நாத்திக' என்ற சொல் இருந்தபோது, ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேர் தவறான பக்கம் சாய்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சாய்ந்தவர்களில் நாத்திகர்களும் உண்டு.

சரி, சந்தேகம் இருக்கட்டும், நடத்தை எப்படி? 2014-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரின் கைபேசிக்கு மூன்று நாள், தினம் ஐந்து முறை செய்தி அனுப்பி, "கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ ஏதாவது செய்தீர்களா, பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். பக்தர்கள் செய்த நல்லது கெட்டதும் மற்றவர்கள் செய்ததும் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு வந்த உணர்ச்சியில்தான் வித்தியாசம். தப்புச் செய்தால் பக்தருக்குக் குற்ற உணர்வு கூடுதல், நல்லது செய்தால் பெருமிதமும் கூடுதல்.

ஆகவே பூஜை அறையை விட்டுவிட்டு வேறு நாலு விஷயம் விசாரியுங்கள். வாங்கிய கடனை எப்படித் திருப்பித் தருகிறார்? ஓட்டலில் மேஜை துடைக்கும் பையனிடம் எப்படிப் பேசுகிறார்? வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரியில் ராத்தங்கியது யார்? இன்னொன்று: மாமியார் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், மகள் என்ன சொன்னாள் என்று கடிதத்தில் இல்லை. அவளையும் கேளுங்கள்.

சர்ச்சுக்குப் போகிற அமெரிக்கர்கள்தான் போகாதவர்களைவிட அதிகம் நன்கொடை கொடுக்கிறார்கள் என்று புள்ளிவிவரமே இருக்கிறது. அதை ஏன் மறைக்கிறீர்கள்? – ஆடிட்டர், கோயம்புத்தூர்

மறைக்கவில்லை, கொஞ்சம் இடம் தேவைப்படுகிற விஷயம் என்று தள்ளிவைத்திருந்தேன். நீங்கள் சொல்வது பொருளாதார அறிஞர் ஆர்தர் புரூக்ஸ் 2006-ல் எழுதியது. 2000-ல் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பை வைத்து அவர் சொன்னது இது: வாராவாரம் வழிபாட்டுக்குப் போகிறவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வருடம் நன்கொடை கொடுத்திருந்தார்கள். போகாதவர்களிலும் எப்போதாவது போகிறவர்களிலும் 66 சதவீதம். சம்பளமில்லாமல் தொண்டு செய்தவர்கள் 67-க்கு 44. சின்ன வித்தியாசம் இல்லை.

ஆடிட்டர் என்பதால் உங்களுக்கு இரண்டு கேள்வி உடனே தோன்றியிருக்கும். முதலாவது, பணம் எந்தத் தலைப்பில் போனது? கணிசமான பங்கு சொந்த சர்ச்சுக்கே. கூரை, போதகர் சம்பளம், மின்கட்டணம். அதைக் கழித்துப் பார்த்தால் இடைவெளி சுருங்குகிறது. ஆனால் மறைந்துவிடவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ரசீதைப் பார்த்தார்களா, வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்களா? வாயால் சொன்னதுதான். அங்கேதான் எனக்கு உறுத்தல். 1993-ல் மூன்று சமூகவியலாளர்கள், சர்ச்சுக்கு வந்ததாக மக்கள் சொல்லும் கணக்கை உள்ளபடியே வந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். வந்தது சொன்னதில் பாதிதான். வருகையையே கூட்டிச் சொல்கிறவர்கள் கொடையைக் குறைத்தா சொல்வார்கள்?

இதையெல்லாம் தாண்டி, எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு 2010-ல் அமெரிக்க அரசியல் அறிஞர்கள் ராபர்ட் புட்னமும் டேவிட் கேம்பெலும் சொன்னது. பக்தர்கள் நல்ல அயலார் என்பதை அவர்களும் உறுதிசெய்தார்கள். காரணத்தைத் தோண்டியபோதுதான் ஆச்சரியம். சொர்க்கம் நரகத்தை நம்புகிறாரா, தனியாக எவ்வளவு நேரம் ஜெபிக்கிறார் என்பதெல்லாம் கொடையைத் தீர்மானிக்கவில்லை. அந்தச் சபையில் அவருக்கு எத்தனை நண்பர்கள் என்பது தீர்மானித்தது. நம்பிக்கையே இல்லாமல் மனைவிக்காகப் போய், அங்கே நாலு பேரோடு பழகிவிட்டவர், வீட்டில் தனியே உருகி உருகி ஜெபிக்கிறவரைவிடத் தொண்டுக்கு வர வாய்ப்பு அதிகம்.

இது நமக்குப் புரியாத விஷயமா? ஆடி மாதம் தெருக்காரர் ஒருவர் ரசீது புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்கிறார். அம்மன் மேல் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, "எவ்வளவு எழுதட்டும் அண்ணே?" என்று முகம் பார்த்துக் கேட்டால் எத்தனை பேரால் இல்லை என்று சொல்ல முடியும்?

கோயில் சர்ச்சு இல்லாத இடத்திலும் இப்படிக் கூட்டம் கூடலாம். வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய அடுப்பு அணையாமல் சோறு போடுகிறது. ஆந்திரத்தில் கோரா 1940-ல் தொடங்கிய நாத்திக மையமும் தலைமுறை தாண்டித் தொண்டு செய்கிறது. அருட்பெருஞ்ஜோதியை நம்பியவர் ஒருவர், கடவுளே இல்லை என்றவர் இன்னொருவர். இரண்டு இடத்திலும் தனி ஆளாக நின்று யாரும் செய்யவில்லை.

"சாமி கும்பிடாத வீட்டுக் குழந்தைகள்தான் அதிகம் பகிர்ந்துகொள்கிறார்கள், இது விஞ்ஞானம்" என்று எங்கள் குழுவில் வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உண்மையா? – கல்லூரி மாணவர், மதுரை

அனுப்பியவரிடம் சொல்லுங்கள், அந்தக் கட்டுரை வாபஸ் வாங்கப்பட்டுவிட்டது. 2015-ல் வந்தது. ஆறு நாடுகளில் 1,170 குழந்தைகளிடம் ஸ்டிக்கர் கொடுத்து, முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எத்தனை தருகிறாய் என்று பார்த்தார்கள். மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் கை கொஞ்சம் இறுகியிருந்தது என்று முடிவு சொன்னார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் தலைப்புச் செய்தி போட்டன. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே தரவை வாங்கிப் பார்த்தால், நாடுகளுக்கு 1, 2, 3 என்று அடையாள எண் போட்டிருந்ததை, கணக்குப் போடும்போது நிஜ அளவுகளாக எடுத்துக்கொண்டுவிட்டிருந்தார்கள். ரேஷன் கார்டு நம்பரைச் சம்பளமாக எடுத்துக்கொண்டதுபோல. திருத்திப் போட்டதும் மதத்துக்கும் ஸ்டிக்கருக்குமான சம்பந்தம் காணாமல் போய், நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசம்தான் மிஞ்சியது. 2019-ல் இதழ் கட்டுரையை நீக்கியது. நீக்கிய செய்தியை மட்டும் வாட்ஸ்அப்பில் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

ஆன்மிகச் சொற்பொழிவுக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர் மயங்கிக் கிடந்தார். கையில் பிரசாதத் தட்டோடு போனவர்கள்கூட நிற்கவில்லை. என்ன பக்தி இது? – ஆட்டோ ஓட்டுநர், சேலம்

நீங்கள் நின்றீர்கள் என்று கடிதத்திலிருந்து புரிந்துகொண்டேன், நன்றி. இதே காட்சியை வேண்டுமென்றே அரங்கேற்றி, 1973-ல் டார்லியும் பேட்சனும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி. போதகராகப் போகிற 40 மாணவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சின்ன உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு என்ன தெரியுமா? பைபிளின் நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனைக் கோயில் ஆட்கள் இருவர் கடந்து போக, யாரும் மதிக்காத சமாரியன் ஒருவன் நின்று உதவிய கதை. போகும் வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். நடிகர்தான்.

நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "லேட்டாகிவிட்டது, ஓடுங்கள்" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தக் கதையைப் பேசப் போகிறார்கள் என்பதோ, எந்த அளவு மதப்பற்று என்பதோ நின்றாரா போனாரா என்பதைச் சொல்லவில்லை. சமாரியனைப் பற்றிப் பேச அவசரமாகப் போன சிலர் கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள்.

அந்தப் பிரசாதத் தட்டுக்காரருக்காக நான் வாதாடவில்லை. சொற்பொழிவு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறவர்களுக்கு மனசு இளகுமா, இல்லை வெறும் வீராப்பா? – ஒரு வாசகர், பினாங்கு

உங்கள் கேள்விக்கு நேரான பதில் மொரீஷியஸிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள தமிழர்களின் காவடித் திருநாளில் திமித்ரிஸ் சிகலாடாஸ் என்ற மானுடவியலாளரின் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு. கூட்டு வழிபாடு செய்துவிட்டு வந்தவர்கள் ஒரு பக்கம், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் இன்னொரு பக்கம், காவடியோடு கூட நடந்தவர்கள் மூன்றாவது. கேள்வித்தாளை நிரப்பியதற்கு ஆளுக்கு அந்நாட்டுப் பணம் 200 ரூபாய் கொடுத்தார்கள். வெளியே வரும் வழியில், யார் போட்டார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி கோயிலுக்குக் காணிக்கை போடலாம். வழிபாட்டுக்காரர்கள் சராசரியாக 80 ரூபாய் சொச்சம் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 130 சொச்சம். கூட நடந்தவர்கள்? அவர்களைவிடவும் அதிகம். வலி எவ்வளவு என்று கேட்டபோது, அதிக வலி சொன்னவர்கள் அதிகம் கொடுத்திருந்தார்கள். மகன் கன்னத்தில் வேல் ஏறுவதைப் பார்த்து நின்ற அப்பாவை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை.

அந்தத் தீவிலேயே இன்னொரு சோதனை. பொதுப் பணத்திலிருந்து ஆளுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்வது என்ற விளையாட்டைக் கோயிலுக்குள் சிலரையும் ஓட்டலில் சிலரையும் ஆடவிட்டார்கள். கோயிலுக்குள் ஆடியவர்கள் பேராசை காட்டவில்லை. எவ்வளவு பக்தியானவர் என்பதல்ல, எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதே எடுபட்டது. மொராக்கோவின் மராகேஷ் சந்தைக் கடைக்காரர்களிடமும் இதேதான். தொழுகை அழைப்பு காதில் விழும் நேரத்தில், தர்மத்துக்குக் கொடுக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுப்பது எகிறியது. அழைப்பு ஓய்ந்ததும் பழையபடி.

இந்த வரிசையில் புகழ்பெற்ற இன்னொரு சோதனையும் உண்டு. கடவுள் சம்பந்தமான சொற்களை வாக்கியத்தில் கலந்து காட்டினாலே மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்று 2007-ல் வந்தது. போலீஸ், கோர்ட் என்ற சொற்களும் அதே வேலையைச் செய்தன என்பது அதில் சுவையான பகுதி. வருடா வருடம் வகுப்பில் ரசித்துச் சொல்வேன். 2015-ல் வேறு இருவர் அதையே பெரிய அளவில் திரும்பச் செய்தபோது கடவுள் சொல் பலிக்கவில்லை. அதன்பின் சொல்வதை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான், மாணவர்கள் சிரிக்கிற இடம் அது.

ஜெயிலில் இருப்பவர்கள் எல்லாரும் சாமி கும்பிடுகிறவர்கள்தானே? அதிலேயே பதில் இல்லையா? – ஒரு வாசகர், ஈரோடு

இல்லை. நம் சிறைப் புள்ளிவிவரத்தில் இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்துவர், மற்றவர் என்றுதான் கட்டங்கள். நாத்திகருக்குக் கட்டமே கிடையாது. உள்ளே இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்குப் பணமும் ஆளும் இல்லாதவர்கள் அதில் ஏராளம். ஏழைகள் யார் என்பதை அந்தப் புள்ளிவிவரம் சொல்லும், கெட்டவர்கள் யார் என்பதைச் சொல்லாது.

புண்ணியம் சேரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது தானமா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருநெல்வேலி

உங்களுக்குத் தெரியாததா! புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் ஏணிச்சேரி முடமோசியார் இதை முடித்துவைத்துவிட்டார். இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று அறத்தை விலை பேசும் 'அறவிலை வணிகன்' அல்லன் வள்ளல் ஆய். அடுத்த வரியைத்தான் நாம் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். பின் ஏன் கொடுத்தானாம்? சான்றோர் பிறரும் போன வழி என்பதால். புட்னம் வண்டி வண்டியாகத் தரவு சேர்த்துச் சொன்னதற்குப் பக்கத்தில் நிற்கிறது இந்த வரி.

ஸ்வீடன், டென்மார்க்கில் சாமியே கிடையாது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பக்தி அதிகமுள்ள நாடுகளைப் பாருங்கள்! – மென்பொருள் பொறியாளர், சென்னை

பாதி சரி. 2019-ல் வெளியான ஆய்வில் 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களைத் 'தொலைந்தது' என்று சொல்லி வங்கி, தபால் நிலையம், ஓட்டல் வரவேற்பாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். உரியவரைத் தொடர்புகொண்டு திருப்பித் தர முன்வந்ததில் சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க், ஸ்வீடன் எல்லாம் முன்வரிசை. ஆனால் அங்கே சாமி குறைந்ததால் பர்ஸ் திரும்பியதா, சம்பளமும் போலீசும் நீதிமன்றமும் ஒழுங்காக இருப்பதால் இரண்டுமே நடந்ததா?

மறுபக்கத்தையும் பாருங்கள். முகம் தெரியாதவருக்கு உதவினீர்களா, பணம் கொடுத்தீர்களா, தொண்டு செய்தீர்களா என்று கேட்டு ஒரு பிரிட்டிஷ் அறக்கட்டளை வெளியிட்டு வந்த உலகக் கொடைப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை முதலிடம் மியான்மருக்கு (முதல் வருடம் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து). பிக்குகளுக்கு அன்றாடம் அன்னமிடுகிற பௌத்த நாடு, வசதியும் கிடையாது. பெரிய விஷயம்தான். 2017 பட்டியல் வெளியானது செப்டம்பரில். அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் அங்கே தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா சிறுபான்மை முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். 'முகம் தெரியாதவர்' என்று அந்தக் கேள்வித்தாளில் படித்தபோது யார் யார் முகம் மக்கள் மனதில் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

கடைசியாக, நீங்கள் சாமி கும்பிடுவீர்களா சார்? – பல பேர்

சொல்ல மாட்டேன். சொன்னால், உங்களில் பாதிப் பேர் மேலே போய் முதல் பதிலிலிருந்து இன்னொரு முறை படிக்க ஆரம்பிப்பீர்கள், இந்தத் தடவை சந்தேகத்தோடு.