சமூக வலைத்தளக் குற்றங்களுக்குச் சட்டம் இருந்தும் குற்றவாளிகள் ஏன் சிக்குவதில்லை?

சட்டமே இல்லாததால் தப்பித்த காலம் ஒன்று இருந்தது. 2000ல் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகெங்கும் பரவியது. அதை எழுதியவர் பிலிப்பைன்ஸில் அடையாளம் காணப்பட்டும், அதற்கான சட்டம் அங்கே அப்போது இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. இன்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆதாரம் அழிகிற வேகத்துக்கு விசாரணையால் ஓட முடிவதில்லை.

என் தோழியின் படங்களை வைத்து யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அவளுக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் ஆபாசமாகப் பேசினான். புகார் கொடுக்க நானும் கூடவே போனேன். வலைத்தள நிறுவனம் ஐபி முகவரியும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நேரமும் கொடுத்தது. மொபைல் இணையத்தில் ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமானோர் பயன்படுத்துகிறார்கள். அதில் ஓர் ஆளைப் பிரித்தெடுக்க போர்ட் எண்ணும் (ஒரே ஐபியில் ஒவ்வோர் இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்), நொடி பிசகாத நேரமும் வேண்டும். வந்த பதிலில் போர்ட் எண் இல்லை. திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பழைய பதிவுகள் அழிந்துவிட்டன. அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவள் இப்போதும் எடுப்பதில்லை. எனக்கு ஆறவே இல்லை.

இத்தனைக்கும் இதில் எல்லை தாண்டிய சிக்கல் எதுவும் இல்லை. குற்றவாளி ஒரு நாட்டில், சர்வர் இன்னொரு நாட்டில் என்றால் அரசுக்கு அரசு கடிதம் போய்வரவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் தரவு அழியாமலிருக்க, குறைந்தது 60 நாள் அதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் வழி, இணையக் குற்றங்களுக்கான 2001 புடாபெஸ்ட் உடன்படிக்கையில் உண்டு. ஆனால் இரண்டு நாடுகளும் அதில் சேர்ந்திருக்க வேண்டுமே! 2024 டிசம்பரில் ஐநா பொதுச்சபை இணையக் குற்றங்களுக்கு எதிராக ஒரு புதிய உடன்படிக்கையை ஏற்றது. விமர்சகர்களை வேட்டையாட அரசுகள் அதைப் பயன்படுத்தலாம் என்று மனித உரிமை அமைப்புகள் எச்சரிக்கின்றன. அந்தப் பயம் நியாயமானதுதான். வேகம் வேண்டும் என்பதற்காக நீதிமன்ற அனுமதியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

சரி, உங்களுக்கே இப்படி நடந்தால்? கணக்கை ரிப்போர்ட் செய்து நீக்கவைக்கும் முன், முழு லிங்க்கையும் தேதி, நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துவையுங்கள். பெயரை மட்டும் குறித்தால் போதாது, அவன் நொடியில் மாற்றிவிடுவான். அப்புறம் புகாரிலேயே, 'தரவை உடனே பாதுகாக்கச் சொல்லுங்கள், ஐபியோடு போர்ட் எண்ணையும் கேளுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். அதிகாரிக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.