வாசகர் கேள்வி பதில்: கோரஸ் இல்லாத ஹிட் பாட்டு

போன இதழில் ‘ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ என்ற ராக் குழுவைப் பற்றி, அதில் பேஸ் கிடார் வாசிக்க ஆளே இல்லை என்று, போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்தும் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுடைய ‘செவன் நேஷன் ஆர்மி’ பாட்டும் அதை ஒட்டிய சங்கதிகளும்தான். கோயில் பஜனையும் பிள்ளைகளின் ராக் பேண்டும் ஒரே அறையில் ஒலிப்பதிவு செய்கிறவன் நான், எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது.

கால்பந்து மைதானத்தில் கூட்டம் மொத்தமும் வார்த்தையே இல்லாமல் “ஓ... ஓ ஓ ஓ” என்று ஒரு மெட்டைப் பாடுகிறதே, அது ஒரு ராக் பாட்டு என்று பேரன் சொல்கிறான். யார் போட்ட மெட்டு அது?
— ஒரு பாட்டி, மெரபேங்க்

பேரன் சொன்னது சரிதான் அம்மா. பாட்டின் பெயர் ‘செவன் நேஷன் ஆர்மி’. போட்டது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழு. குழு என்றாலும் ஆள் இரண்டே பேர்: கிடாரும் பாட்டும் ஜாக் ஒயிட், டிரம்ஸ் மெக் ஒயிட். 2002 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்குக் கச்சேரி செய்யப் போனவர்கள், மெல்போர்னில் கார்னர் ஹோட்டல் என்ற இடத்தில், கச்சேரிக்கு முன்னால் மைக்கும் ஆம்பும் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜாக்கின் கையில் சும்மா வந்து விழுந்த மெட்டு அது. என்றைக்காவது ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் பாட்டுப் போடக் கூப்பிட்டால் கொடுக்கலாம் என்று பத்திரப்படுத்தி வைக்கத்தான் முதலில் நினைத்தார். அப்புறம் அதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று பாட்டாகவே ஆக்கிவிட்டார். (2008இல் பாண்ட் படத்துக்கு உண்மையாகவே கூப்பிட்டார்கள், வேறு மெட்டுப் போட்டுக் கொடுத்தார்.)

உங்களுக்குப் பஜனை பழக்கம் இருந்தால் வீட்டிலேயே பாடிப் பார்க்கலாம். மொத்தம் ஏழே ஸ்வரம்: ச ச க ச நி த ப. கடைசி மூன்றும் கீழ் ஸ்தாயியில். நடபைரவியின் ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடும். தாளம் எட்டு எண்ணிக்கை, அதில் முதல் நாலுக்குள் ஐந்து ஸ்வரம் ஓடிவிடும், மிச்ச நாலில் ‘த’வும் ‘ப’வும் தலா இரண்டு எண்ணிக்கை நீண்டு நிற்கும். அந்த நீளம்தான் ரகசியம் என்பேன். ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் பாடும்போது யாராவது முந்துவார்கள், யாராவது பிந்துவார்கள், ஆனால் அந்த இரண்டு நீண்ட ஸ்வரங்களில் எல்லாரும் வந்து சேர்ந்துகொள்ள நேரம் இருக்கிறது. மேலே ஏறுகிற ஸ்வரம் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் இறக்கம், அதனால் சங்கீதமே தெரியாத தொண்டைக்கும் சிரமமில்லை.

அந்தக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்க ஆளே இல்லை என்று எழுதினீர்கள். ஆனால் பாட்டு ஆரம்பமே பேஸ் கிடார்தானே? எனக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது.
— டோங்காட் வாசகர்

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அது தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பேஸ் கிடார் இல்லை ஐயா. உள்ளே குடைவான உடம்பு கொண்ட பழைய கே கம்பெனி கிடாரை டிஜிடெக் வாம்மி என்ற பெடல் வழியாக விட்டிருக்கிறார். காலால் மிதிக்கிற அந்தப் பெட்டி, வாசிக்கிற ஸ்வரத்தை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கொடுக்கும். நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், உண்மையான பேஸ் கம்பியின் கனம் அதில் இருக்காது, ஓரத்தில் கொஞ்சம் ரப்பர் மாதிரி ஒரு இழுவை தெரியும்.

மெக் ஒயிட் அடிப்பதையும் கவனியுங்கள். தொடக்கத்தில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் பக்கத்து டாம் டிரம்மும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு அடி, அவ்வளவுதான். மெக்குக்கு வாசிக்கவே தெரியாது என்று பேசியவர்கள் நிறைய பேர், எனக்கு அதில் கோபமே உண்டு. முழு கிடார் வந்து விழுகிற இடம் வரைக்கும் சிம்பல் தட்டைக் கையால் தொடாமல் பொறுத்திருக்கிறாரே, அந்தப் பொறுமை இல்லை என்றால் அந்த இடத்தில் கேட்கிறவனுக்குச் சிலிர்ப்பே வராது. பாட்டில் கோரஸே, அதாவது நம் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வந்து பாடப்படும் பகுதியே, கிடையாது. கோரஸ் இல்லாமல் ஒரு பாட்டை நிறுத்திக் காட்ட முடியுமா என்பது ஜாக் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பந்தயம். கோரஸ் வர வேண்டிய இடத்தில் அதே ஏழு ஸ்வரம் சத்தமாக வருகிறது, சிம்பலும் அப்போதுதான் வருகிறது.

என் மகனும் நண்பர்களும் எங்கள் கராஜில் வாசிக்கிறார்கள். ஒரு பாட்டைப் பதிவு செய்து வெளியிட வேண்டுமாம். நல்ல ஸ்டூடியோ என்றால் எவ்வளவு செலவழிக்கலாம்?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அக்கா, முதலில் ‘செவன் நேஷன் ஆர்மி’ எங்கே பதிவானது என்று சொல்லிவிடுகிறேன், மகனிடம் படித்துக் காட்டுங்கள். லண்டன் ஹேக்னியில் டோ ராக் என்று ஒரு சின்ன ஸ்டூடியோ, நடத்தியவர் லியம் வாட்சன். கம்ப்யூட்டர் கிடையாது. எட்டே டிராக், அதாவது எட்டே தனித்தனி ஒலித்தடம், எடுக்கிற பழைய டேப் மெஷின். 2002 ஏப்ரலில் சுமார் இரண்டே வாரத்தில் ‘எலிஃபண்ட்’ என்ற அந்த ஆல்பத்தை அங்கே முடித்தார்கள். பாட்டு எழுதியதிலிருந்து மாஸ்டரிங் என்கிற கடைசி மெருகு வரை கம்ப்யூட்டரே தொடவில்லை என்று ஆல்பத்தின் உள்தாளிலும் அச்சடித்துவிட்டார்கள். எட்டு டிராக் என்றால் என்ன அர்த்தம்? தப்பு வந்தால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுலபமாக வெட்டி ஒட்ட முடியாது, திரும்ப வாசிக்கத்தான் வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று வாசிக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

உங்கள் மகனும் டேப் மெஷின் தேடி அலைய வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. நம் ஊர் பேண்டுகள் பணத்தைத் தப்பான இடத்தில் போடுகின்றன. ரிகர்சல் பாதி, ஸ்டூடியோவில் மீதி என்று வந்து நிற்பார்கள், மணிக் கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும், டிரம்மர் எந்த வேகத்தில் வாசிப்பது என்று அப்போதுதான் பேச்சு நடக்கும். அதையெல்லாம் கராஜிலேயே முடித்துவிட வேண்டும். போனை ஒரு நாற்காலியில் வைத்து, அறையின் நடுவில், முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் போன் பதிவில் பாட்டு நிற்கிறதா? நின்றால் ஸ்டூடியோவுக்குப் போகலாம், நிற்கவில்லை என்றால் விலையுயர்ந்த மைக் அதைத் தூக்கி நிறுத்தாது.

ஸ்டூடியோவில் டிரம்ஸ், பேஸ், கிடார் மூன்றையும் ஒன்றாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசிக்கச் சொல்லுங்கள். பாடுகிற குரலை மட்டும் தனியாகப் பிறகு எடுக்கலாம். டிரம் தோலைப் புதிதாக மாற்றுவதும் கிடாருக்குப் புதுக் கம்பி போடுவதும் எந்தக் கணினி எஃபெக்டையும் விட மலிவு, பலனும் அதிகம். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு இருக்கிற காலமென்றால் அதன் அட்டவணையை ஸ்டூடியோவை புக் செய்வதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள், நல்ல டேக் நடுவில் கரண்ட் போனால் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அந்த மூட் திரும்பி வராது. மிக்ஸிங்கில் சத்தத்தை ஏற்று ஏற்று என்பார்கள், கேட்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் சராசரி சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்படுத்திவிடும், நசுக்கிய பாட்டு அங்கே நசுங்கியபடியே சின்னதாகத்தான் கேட்கும்.

எந்தப் பாட்டை சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, விடுவது என்று எங்கள் பேண்டுக்குள் சண்டை. யார் முடிவு செய்ய வேண்டும்?
— பீனிக்ஸ் வாசகர், பேஸ் கிடார்

தம்பி, இதே தகராறு ஒயிட் ஸ்ட்ரைப்ஸுக்கும் வந்தது. ரெக்கார்டு கம்பெனி ‘எலிஃபண்ட்’ ஆல்பத்திலிருந்து வேறொரு பாட்டை முதல் சிங்கிளாக விடலாம் என்றது. கோரஸ் இல்லாத பாட்டை எந்த ரேடியோ போடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஜாக் விட்டுக்கொடுக்கவில்லை. ‘செவன் நேஷன் ஆர்மி’யே 2003இல் முதல் சிங்கிளாக வெளிவந்தது. இங்கிலாந்தில் 7ஆம் இடம், அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 76ஆம் இடம்தான், ஆனால் அங்கே மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம். மறு வருஷம் சிறந்த ராக் பாட்டுக்கான கிராமி விருது.

கம்பெனிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்களும் நிறைய பாட்டு கேட்டவர்கள்தான். ஆனால் நீங்கள் நேராகப் பார்க்கிற ஒன்றை அவர்கள் பார்ப்பதில்லை: மேடையில் எந்தப் பாட்டுக்கு ஆள் போனைக் கீழே வைக்கிறான் என்பது. உங்கள் சண்டையை அங்கே கொண்டுபோய்த் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டையும் கூட்டத்துக்கு முன் வாசியுங்கள், மறுநாள் காலையில் யாராவது ஒருவர் எதை முணுமுணுக்கிறார் என்று கேளுங்கள்.

ராக் பாட்டு மைதானத்துக்கு எப்படிப் போனது? கம்பெனி பணம் கொடுத்துப் பரப்பியதா?
— வெருலம் வாசகர்

ஒரு காசும் இல்லை. 2003 அக்டோபரில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஹா அணி ஏசி மிலானோடு மோத இத்தாலிக்குப் போனது. ஆட்டத்துக்கு முன்னால் மிலானில் ஒரு பாரில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் இந்தப் பாட்டைக் கேட்டு மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்கள் அணி 1-0 என்று ஜெயித்துவிட்டது, மெட்டும் அவர்களோடு ஊருக்குப் போய்விட்டது. 2006 பிப்ரவரியில் ரோமா அணி அங்கே ஆடப் போனபோது ரோமா ரசிகர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதே வருஷம் ஜூலையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது, நாடே தெருவில் நின்று பாடியது. 2008 ஐரோப்பியக் கோப்பையில் அணிகள் மைதானத்துக்குள் வரும்போது அதையே ஒலிக்கவிட்டார்கள்.

டெட்ராய்ட் என்றதும் நம் நாட்டுக்காரர்களுக்குப் பாடகர் ரோட்ரிகஸ் நினைவு வராமல் இருக்காது. அதே ஊர்க்காரர். 1970இல் வந்த அவர் ஆல்பத்தை அமெரிக்காவில் யாரும் சீண்டவில்லை, தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஓடியது, அது பல வருஷம் அவருக்கே தெரியாது. 1998இல் இங்கே வந்து கச்சேரி செய்தபோதுதான் இங்கே தனக்கு எவ்வளவு கூட்டம் என்று நேரில் பார்த்தார். பாட்டு எந்த ஊரில் போய் வேர் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் போன இடத்தில் அது யாருடையது என்று தாளில் இருக்க வேண்டும். அடுத்த கேள்வியும் அதுதான்.

பாட்டை எங்கே பதிவு செய்தால் உரிமை கிடைக்கும்? பணம் எப்படி வரும்?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

உரிமை வாங்கப் பதிவே வேண்டாம். பாட்டு தாளிலோ ஒலிப்பதிவிலோ உருவம் பெற்றதுமே இந்நாட்டுச் சட்டப்படி அது உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 50 வருஷத்துக்கும். பதிவெல்லாம் பணம் வசூலாவதற்குத்தான். ரேடியோவிலும் மேடையிலும் பாட்டு ஒலித்தால் மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் சாம்ரோ என்ற வசூல் அமைப்பு வழியாக வரும். பிரதி எடுப்பதற்கும் ஸ்ட்ரீமிங்குக்குமான பங்கு கப்பாசோ என்ற அமைப்பு வழியாக. வாசித்தவர்களுக்கும் பதிவின் சொந்தக்காரருக்கும் உரியது சாம்ப்ரா என்ற அமைப்பு வழியாக. மூன்றும் வேறு வேறு, ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிற பிள்ளைகள் நிறைய. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும், இங்கே ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கமான ரைசா கொடுக்கிறது. டிஸ்ட்ரோகிட் மாதிரி இணைய விநியோகஸ்தர் வழியாக விட்டால் அவர்களே ஒன்று போட்டுக்கொடுப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ரிகர்சல் முடிந்த அன்றைக்கே, மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், வரியில் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது பத்து நிமிஷ வேலை. பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு அண்ணன் தம்பிகளே பேசாமல் போய்விடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

பாட்டுகளை ஏன் வெள்ளிக்கிழமையே வெளியிடுகிறார்கள்? இலவசமாகக் கொடுத்தால் நஷ்டமா?
— இசிபிங்கோ வாசகி

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிதான் வெளியீட்டு நாள் என்று தொழிலில் ஒரு ஏற்பாடு. உங்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் எந்த நாளாக இருந்தாலும் குறைந்தது 7 நாள் முன்னதாக ஸ்பாட்டிஃபையில் பாட்டைப் பற்றி எழுதி அனுப்பிவிடுங்கள், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் புதுப் பாட்டுப் பட்டியலில் அது சேரும். லோட்டஸ் எஃப்எம்முக்கும் தனியாக அனுப்புங்கள், பாட்டோடு பேண்டைப் பற்றி நாலு வரி.

இலவசமா? இங்கிலாந்தின் ஆர்க்டிக் மங்கீஸ் பையன்கள் கச்சேரி முடிந்ததும் டெமோ சிடிகளைச் சும்மா கொடுத்தார்கள். ரசிகர்கள் அதை இணையத்தில் பகிர்ந்தார்கள். 2005 அக்டோபரில் டாமினோ என்ற சுயேச்சைக் கம்பெனி மூலம் சிங்கிள் வந்தபோது நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. வாங்கியவர்களில் பலர் அந்தக் குழுவின் பாட்டுகளை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். நஷ்டமே இல்லை.

தமிழில் ராக் எழுத ஆசை. ஆனால் எனக்குத் தமிழ் பாடத்தான் தெரியும், எழுதத் தடுமாற்றம். செய்யலாமா?
— ஐஸ்டெட்ஃபாட் போட்டியில் பாடிய ஒரு பெண், மவுண்ட் எட்ஜ்கம்ப்

கண்டிப்பாகச் செய்யம்மா. மெட்டை முதலில் தத்தகாரத்தில் பாடிப் பதிவு செய். ‘தன்னானே’ என்றோ வாயில் வந்த உளறலாகவோ இருக்கட்டும். ‘செவன் நேஷன் ஆர்மி’ என்ற பெயரே ஜாக் சின்ன வயதில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெயரைத் தப்பாகக் காதில் வாங்கியது. வரிகள் வரும்வரை இருக்கட்டும் என்று வைத்தது கடைசி வரை தங்கிவிட்டது. அப்புறம் வீட்டில் ஆயாவிடமோ கோயிலில் பெரியவரிடமோ உட்கார்ந்து, உன் தத்தகாரத்தின் நீளத்துக்குச் சரியாக உட்காரும் சொற்களைத் தேடு. நீட்டிப் பாடுகிற இடத்தில் நெடில் வரட்டும். டிரம் அடி விழுகிற இடத்தில் ‘க்க’, ‘ட்ட’, ‘ப்ப’ வரட்டும், தமிழில் அவை தாளத்தோடு சேர்ந்து தானாக அடிக்கும். முதல் பதிவை எனக்கு அனுப்பு, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.