கேக்குக்குள் கந்தரப்பம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மார்கழியில் நகரத்தார் இருக்கும் பிள்ளையார் நோன்புக்கு வெளியூர்ப் பங்காளிகள் அனைவரும் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் கூடுவோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மிஞ்சிய கந்தரப்பங்களை (வெல்லம் சேர்த்த அரிசி மாவை எண்ணெயில் பொரித்தெடுக்கும் செட்டிநாட்டு இனிப்பு) பிள்ளைகள் விளையாட்டாகச் சாக்லேட் கேக் மாவில் புதைத்து ஓவனில் வைத்தார்கள். 'கேக்கரப்பம்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நோன்புக்கு மறுநாள் அது இல்லாமல் ஊர் திரும்ப மறுக்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மேல்புறம் கருகுகிறது. அப்பத்தைச் சுற்றி மட்டும் மாவு வேகாமல் களியாக நிற்கிறது. காரணம் என்ன?
— வாசகி, காரைக்குடி

பதில்: பெயரைக் கேட்டதுமே பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன். இந்த விளையாட்டில் உங்களுக்கு அமெரிக்காவிலும் பங்காளி உண்டு. லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த சார்லஸ் ஃபீனிக்ஸ் என்பவர் செர்ரி, பரங்கி, ஆப்பிள் வைத்துச் செய்த மூன்று 'பை'களை (pie, மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டம்) தனித்தனியே மூன்று கேக்குகளுக்குள் புதைத்துச் சுட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 'செர்பம்பிள்' என்று பெயரிட்டார். அங்கும் உள்ளே போவது முன்கூட்டியே வெந்த பண்டம்தான். வேக வேண்டியது சுற்றியுள்ள மாவு மட்டுமே.

உங்கள் சிக்கல் அப்பத்தின் குளிர்ச்சியிலிருந்து தொடங்குகிறது என்று நினைக்கிறேன். மிஞ்சிய அப்பம் என்றால் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே மாவுக்குள் போயிருக்கும். கேக்கின் நடுப்பகுதி ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மாவு முழுமையாக இறுகும். குளிர்ந்த அப்பம் தன்னைச் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்க, அந்த நேரத்தில் மேல்புறம் கருகிவிடுகிறது. ஆகவே அப்பத்தை இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, பழைய பருத்தித் துணியில் பரப்பி எண்ணெயை வடியவிட்டு, மைதாவில் லேசாகப் புரட்டிய பிறகே மாவில் இறக்குங்கள். எண்ணெயை வடிக்காமல் நான் ஒருமுறை அவசரப்பட்டதில், வெட்டிய துண்டில் ஒவ்வோர் அப்பத்தையும் சுற்றி மஞ்சள் நிற எண்ணெய் வளையம் தெரிந்தது. கிரகணப் படம்போல் அழகாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் சாப்பிடவில்லை.

சூட்டை 180இலிருந்து 160 டிகிரிக்குக் குறைத்து, நேரத்தைக் கால் மணி முதல் இருபது நிமிடம்வரை கூட்டி, மேல்புறம் சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். ஒன்பது அங்குல வட்டத் தட்டுக்கு நான்கு அப்பம் போதும். அப்பத்துக்கும் அப்பத்துக்கும் இடையே ஒரு விரல் அகலமாவது மாவு இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் மாவு அப்பத்தைத் தாங்காது, கெட்டியான வெண்ணெய்க் கேக் மாவே தாங்கும். குச்சியால் குத்திப் பார்க்கும்போது அப்பத்தில் குத்தினால் வெல்லப் பிசுக்கு ஒட்டி ஏமாற்றும் என்பதால், இரண்டு அப்பங்களுக்கு நடுவிலுள்ள மாவில் குத்திப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் அதே யோசனையைக் கவுனி அரிசி மாவில் செய்து பார்த்தோம். கருநீலமாக வரும் என்று எதிர்பார்த்தால், சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் வந்தது. அரிசி பழையதா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: அரிசியின்மீது பழி போடாதீர்கள், ஆப்பச் சோடாவைக் கேளுங்கள். கவுனியின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. புளிப்பு சேர்ந்தால் அது செம்மையும் ஊதாவும் காட்டும். சோடாவின் காரத்தன்மை மிகுந்தால் நீலமும் பச்சையும் கலந்த மங்கலுக்குப் போய்விடும். சோடாவைத் தவிர்த்துப் பேக்கிங் பவுடரும் அரைக் கிண்ணம் புளித்த தயிரும் சேர்த்தால் நிறம் நிற்கும். கவுனியில் மாவைப் பிணைக்கும் பசைச்சத்து (குளூட்டன்) இல்லாததால், ஒரு பங்கு கவுனி மாவுக்கு இரண்டு பங்கு மைதா வேண்டும். மாவை இரண்டு முறை சலிக்காவிட்டால் பல்லில் மணல்போல் நெறுநெறுக்கும்.

கேள்வி: எங்கள் அப்பத்தா முட்டை சேர்ந்த கேக்கைத் தொடமாட்டார்கள். 'அப்பத்தையும் கெடுத்து, கேக்கையும் கெடுத்து வைக்கிறீர்கள்' என்று ஆண்டுதோறும் குறைப்படவும் செய்கிறார்கள். அவர்களுக்கும் பிடிக்கும்படி செய்ய வழி உண்டா? நோன்பு அன்றே செய்துவிடலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: நோன்பு அன்று வேண்டாம் என்பதே என் கருத்து. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் எண்ணிக் காத்திருந்து, 21 நூலிழைகளைத் திரித்து, மாவில் வைத்து ஏற்றிய சுடரோடு அந்த மாவை உண்டு 'இழை எடுத்துக்கொள்ளும்' நாளில் அடுக்களை அந்த வேலையைத்தான் பார்க்க வேண்டும். காரைக்குடி வாசகி வீட்டில் மறுநாளுக்குத் தள்ளியிருப்பது சரியான ஏற்பாடு.

அப்பத்தாவின் குறையில் நியாயமும் இருக்கிறது. 2013இல் நியூயார்க்கில் டொமினிக் ஆன்செல் அறிமுகப்படுத்திய க்ரோனட்டுக்காக மக்கள் விடியுமுன்னே வரிசையில் நின்றார்கள். அது க்ராசான் என்ற பிரெஞ்சு ரொட்டியின் மாவைப்போல் வெண்ணெய் வைத்து மடித்த ஒரே மாவை டோனட்போல் பொரித்தெடுத்த ஒரே பண்டம். கேக்கரப்பமோ முழுமையான இரண்டு இனிப்புகளை ஒரே தட்டில் அடைப்பது. சர்க்கரையைக் குறைக்காவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆகவே கேக் மாவில் சர்க்கரையைக் கால் பங்கு குறைத்து, ஏலக்காயும் வறுத்த தேங்காய்த் துருவலும் சேருங்கள். கந்தரப்பத்தின் மணம் கேக்கிலும் தொடரும்.

முட்டை இல்லாத கேக் எளிதில் உதிரும் என்பதால் பெரிய அப்பத்தைப் புதைத்தால் வெட்டும்போதே பிளந்துவிடும். அதற்குப் பதிலாக இனிப்புக் குழிப்பணியாரத்தைப் புதையுங்கள். பணியாரத்தை அப்பத்தாவையே ஊற்றித் தரச் சொல்லுங்கள். பதம் அவர்கள் கையில்தான் இருக்கிறது, முட்டை படாத தட்டும் கரண்டியும் எவை என்ற கணக்கும் அவர்களிடமே இருக்கும். சுட்ட கேக்கை இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். அவர்களுக்கான துண்டை ஓரத்திலிருந்து எடுக்காமல், பணியாரம் முழு வட்டமாகத் தெரியும் இடத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்.