கஞ்சாவும் மருத்துவமும்: வாசகர் கேள்விகளுக்கு மருந்தியல் துறையினரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, எடை 20 கிலோ. மரபணுச் சோதனையில் டிராவெட் என்ற கடுமையான வலிப்பு நோய் என்று உறுதியாகிவிட்டது. வால்ப்ரோயேட், குளோபசாம் இரண்டும் கொடுத்தும் ஃபிட்ஸ் நிற்கவில்லை. கஞ்சா எண்ணெய் கேட்கும் என்கிறார்களே, உண்மையா? (மதுரை வாசகி)

பதில்: கஞ்சா ஆராய்ச்சியில் மிக உறுதியான சான்றுகளுள் ஒன்று உங்கள் மகனின் நோய்க்குத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்று ‘கஞ்சா எண்ணெய்’ என்று விற்கப்படுவதற்கு உரியதல்ல. செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. போதை ஏற்றுவது டி.எச்.சி. வலிப்புக்குச் சோதித்தது சி.பி.டி.; அது போதை தருவதில்லை. 1980இல் பிரேசிலில் சிறு அளவில் பார்த்தபோது, சி.பி.டி. பெற்ற 8 பேரில் 4 பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றே போனது. முறையான பெரிய சோதனை வர 2017 ஆகிவிட்டது. டிராவெட் உள்ள 120 பேர், எல்லாரும் குழந்தைகளும் இளையோரும். மருந்து பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆனது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 14.9 இருந்தது 14.1 ஆனது, அவ்வளவுதான். இதுபோன்ற சோதனைகளை வைத்து 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. திரவ மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

அளவு எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் பேச உதவும். மருந்து நல்லெண்ணெயில் கரைத்தது, ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். தொடக்கம் எடை கிலோவுக்கு 2.5 மி.கி. வீதம் காலை, மாலை. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 மி.கி., அதாவது அரை மில்லி. ஒரு வாரம் கழித்து வேளைக்கு ஒரு மில்லி. வலிப்பு இன்னும் குறைய வேண்டியிருந்து, பிள்ளையும் தாங்கினால், படிப்படியாக வேளைக்கு 2 மில்லி வரை போகலாம். மருந்தோடு வரும் சிரிஞ்சால் மட்டும் அளக்க வேண்டும், வீட்டுக் கரண்டியால் அல்ல. திறந்த பாட்டில் 12 வாரத்துக்கு மேல் ஆகாது.

தவறு நடக்கிற இடங்கள் மூன்று. உங்கள் மகன் சாப்பிடும் குளோபசாம் உடலில் வேறொரு பொருளாக மாறி, அதுவும் வேலை செய்யும். அதைக் கழிக்கும் ஈரல் நொதியை சி.பி.டி. தடுப்பதால் அந்தப் பொருள் இரத்தத்தில் சுமார் மூன்று மடங்கு ஏறிவிடும். பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிவான். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் அதை நிறுத்துவார்கள். பெரும்பாலும் குறைக்க வேண்டியது குளோபசாமை. அடுத்தது வால்ப்ரோயேட். சி.பி.டி.யோடு சேர்ந்தால் ஈரல் நொதிகள் ஏறும் வாய்ப்பு அதிகம். ஆகவே தொடங்கும் முன்பும், பிறகு 1, 3, 6 மாதங்களிலும் ஈரல் சோதனை கட்டாயம். சி.பி.டி.யும் வால்ப்ரோயேட்டும் சேர்த்து எடுக்கும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் மருந்து நான்கைந்து மடங்கு கூடுதலாக உடலில் சேரும். ஒருநாள் வெறும் வயிறு, மறுநாள் நெய்ச்சோறு என்று கொடுத்தால் ஒரே அளவு இரண்டு வேறு அளவாகிவிடும். எப்படிக் கொடுத்தாலும் தினமும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவே கூடாது. வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: அதே சி.பி.டி.தானே இணையத்தில் கிடைக்கிறது? அதை வாங்கிக் கொடுத்தால் என்ன? (கோவை வாசகர்)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மில்லி பாட்டிலில் 1,000 மி.கி. இருப்பதாக எழுதியிருக்கும். மேலே சொன்ன பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மி.கி. வேண்டும். பாட்டில் ஐந்து நாளுக்கு மேல் வராது. சொட்டுக் கணக்கில் கொடுப்பவர்கள் சோதனையில் பயன்பட்ட அளவின் பக்கத்தில்கூடப் போவதில்லை. அதோடு, பாட்டிலில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 பொருள்களைச் சோதித்தார்கள். சரியான அளவு இருந்தவை 31 விழுக்காடு. 18 பொருள்களில் டி.எச்.சி. இருந்தது. நம் நாட்டில் ஆயுஷ் உரிமத்தோடு ‘விஜயா’ என்ற பெயரில் வருபவை கஞ்சா இலைச் சாறு, அவற்றிலும் டி.எச்.சி. இருக்கக்கூடும். தொகுதி எண்ணோடு ஆய்வக அறிக்கை தராத எதையும் வலிப்புள்ள குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவை விட்டுவிட்டுக் கஞ்சா எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார் உறவினர். (தஞ்சாவூர்)

பதில்: கீமோவை விடாதீர்கள். கன்னாபினாய்டுகள் கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்கின்றன என்பது மெய். தட்டில் ஊற்றும் செறிவு மனித உடலில் எட்டுவது வேறு விஷயம். மூளைக் கட்டி ஒன்றில் 21 பேரிடம் நடந்த சிறு சோதனையில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர் மருந்துக் குழுவில் 83 விழுக்காடு, மற்றதில் 44. நம்பிக்கை தரும் எண்தான். ஆனாலும் 21 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. அவர்களும் கீமோவை விட்டுவிட்டு இதை எடுக்கவில்லை, கீமோவோடு சேர்த்தே எடுத்தார்கள்.

கீமோவால் வரும் குமட்டல், வாந்திக்கு இது உதவும். செயற்கை டி.எச்.சி.யான ட்ரோனாபினாலும், அதைப் போன்ற நாபிலோனும் 1985 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை. வழக்கமான வாந்தி மருந்துகள் கேட்காதபோதுதான் இவற்றுக்கு இடம். ஒரு எச்சரிக்கை: அம்மாவுக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றை எதிர்க்கும் சிகிச்சை) கொடுத்தால் கஞ்சாப் பொருள் எதையும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்க வேண்டாம். நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து பெற்ற நோயாளிகளை இஸ்ரேலில் கவனித்தபோது, கஞ்சாவும் எடுத்தவர்களில் 15.9 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 37.5 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை பலன் தந்தது. இது காரணத்தை நிறுவிய சோதனையல்ல. ஆனால் அலட்சியம் செய்யும் வேறுபாடும் அல்ல.

கேள்வி: கண் அழுத்தத்துக்கு? (நெல்லை)

பதில்: வேண்டாம். அழுத்தம் குறைவது உண்மை, 1971லேயே தெரியும். மூன்று நான்கு மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். நாள் முழுக்கப் போதையில் இருந்தால்தான் பலன். உங்கள் சொட்டு மருந்தே மேல்.

கேள்வி: சித்தர்கள் கோரக்கர் மூலி என்று வழங்கிய செடி. மேல்நாட்டு மருத்துவம் இத்தனை காலம் ஏன் விட்டுவைத்தது? (புதுச்சேரி)

பதில்: விட்டுவைக்கவில்லை. 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஓஷானஸி என்ற அயர்லாந்து மருத்துவர், இங்கே வழங்கிய முறைகளைக் கேட்டறிந்து, முதலில் விலங்குகளிலும் பிறகு நோயாளிகளிலும் சோதித்து எழுதினார். வில்வாத ஜன்னியில் (டெட்டனஸ்) தசை இறுக்கம் தளர்வதைக் கண்டார். அங்கிருந்துதான் ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குக் கஞ்சாச் சாறு போனது.

தடங்கல் வேதியியலில் வந்தது. அபினியிலிருந்து மார்பீனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படிகமாகப் பிரித்துவிட்டார்கள். டி.எச்.சி. பிசுபிசுத்த எண்ணெய், எளிதில் படிகமாகாது. ஒரு சீசா சாறு ஒன்றுமே செய்யாது, அடுத்த சீசா ஆளைச் சாய்க்கும். இஸ்ரேலில் மெக்கூலம், கவோனி என்ற வேதியியலாளர்கள் டி.எச்.சி.யைத் தூய்மையாகப் பிரித்து அமைப்பைச் சொன்னது 1964இல்தான். நம் உடலே சுரக்கும், அதைப் போலச் செயல்படும் பொருளை 1992இல் கண்டபோது, ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து அதற்கு அனாண்டமைடு என்று பெயர் வைத்தார்கள். இன்றைய சிக்கல் வேறு. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது என்பது சோதனையின் அடிப்படை விதி. தலை கிறுகிறுத்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். வலி போன்றவற்றில் அந்த எதிர்பார்ப்பே பாதி நிவாரணம் தந்துவிடுகிறது. வலி பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நம் சட்டத்தைப் பொறுத்தவரை, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் ‘கஞ்சா’ என்பது பூ, காய்க் கொத்து. கொத்தில்லாத இலையும் விதையும் அதில் அடங்கா. மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு உரிமத்தோடு வழி உண்டு. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் அப்படித்தான் வளர்த்து ஆராய்கிறது. மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது என்று வீட்டு மாடியில் செடி வளர்க்க முடியாது.

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, வார்ஃபரின் சாப்பிடுகிறார். தூக்கத்துக்குக் கஞ்சா லேகியம் கொடுக்கலாமா? (சேலம்)

பதில்: கூடாது. வார்ஃபரினைக் கழிக்கும் நொதிகளை சி.பி.டி. தடுக்கும், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் அளவு) ஏறி இரத்தக் கசிவு வரலாம். டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும். இரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் விழுந்தால், வார்ஃபரின் எடுப்பவருக்குத் தலையில் படும் சிறு அடியே போதும். வாயால் சாப்பிட்டது வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். கேட்கவில்லையே என்று இன்னொரு உருண்டை போடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே இதய மருத்துவரிடம் சொல்லி, ஐ.என்.ஆர். பாருங்கள், நிறுத்திய பிறகு இன்னொரு முறையும் பாருங்கள், அது இறங்கியும் போகும்.